பெனிட்டோவின் நீச்சல்

பெனிட்டோவுக்கு நீச்சல் தெரியாது. இது ராயபுரத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த சங்கதி. ஒருவன் பெனிட்டோ, இன்னொருவன் அவன் சிநேகிதன் கமால். மற்றபடி அங்கே யாரைக் கேட்டாலும், "பெனிட்டோவா? ஆத்துலயே பொறந்தவன்பா அவன்" என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே கமால் பக்கம் திரும்பி ஒரு இளிப்பு இளிப்பார்கள். அந்த இளிப்பைத்தான் கமாலால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டம் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடும். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு, தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டு அதை மறந்துபோய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும் சிலுவையம்மாள் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி மீன் வறுத்துக் கொடுப்பாள். ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் நிலக்கரி மேடு, நடுவில் கறுத்த தண்ணீர். இதையும் ஒரு ஆறு என்று ரசிக்க ஆள் இருக்கிறார்களா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிற கனவான்கள், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

கூட்டத்துக்கு ராஜா பெனிட்டோ. கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஆறடிக்கு மேல் உயரம், குரல் அதைவிட உயரம். சாப்பிட்டு முடித்ததும் சட்டையைக் கழற்றுவான். உடனே விசில் பறக்கும். பெனிட்டோ ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நீந்திப் போய், அங்கிருந்து கையாட்டிவிட்டு, திரும்ப நீந்தி வருவான். இதுதான் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. இதைப் பார்க்கவே தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஆள் வருவார்கள்.

ஆனால் அவன் நீந்தவில்லை, நடந்தான். அந்த இடத்தில் ஆற்றின் அடியெல்லாம் வருஷக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து மேடு தட்டிக் கிடந்தது. கடல் உள்வாங்கித் தண்ணீர் வத்தும் நேரத்தில் பெனிட்டோவுக்கு நெஞ்சளவுதான் வரும். தோளை முன்னால் சாய்த்து, இரண்டு கையாலும் தண்ணீரைப் பளார் பளார் என்று அடித்துக்கொண்டு, கீழே சாம்பலில் காலை ஊன்றி நடந்து போவான். கறுப்புத் தண்ணீரில் கால் யாருக்குத் தெரியும்? எந்த ஞாயிறு எத்தனை மணிக்குத் தண்ணீர் வத்தும் என்பது அவனுக்கு அத்துப்படி. தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால், "இப்ப மூடு வரல நைனா, சாய்ங்காலம் பாத்துக்கலாம்" என்பான். பெரிய கலைஞனுக்கு மூடு முக்கியம் என்று ஜனங்களும் விட்டுவிடுவார்கள். உள்ளூர் மீனவர்கள் மட்டும் வலையோடு போகிற போக்கில் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

கமாலுக்குத்தான் உண்மையில் நீச்சல் தெரியும். காசிமேட்டில் கயிறும் வலையும் விற்கிற கடைக்காரன். சின்ன வயதில் விசைப்படகுகளில் ஐஸ் ஏற்றப் போய், கடலில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்ட நீச்சல். ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு பெனிட்டோவோடு தானும் இறங்கியவன், நடு ஆற்றில் மூச்சடக்கி உள்ளே போனபோது அந்த இரண்டு கால்கள் சாம்பலில் சாவகாசமாக நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டான். கரையேறியதும் பெனிட்டோ அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமு, வெளிய வுட்றாதடா. மானம் பூடும். என் பொண்ணு சினேகா இஸ்கூல்ல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்குது."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்" என்றான் கமால். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

கமால் பக்கத்தில் நீந்தினால் அசலும் போலியும் தெரிந்துவிடுமே! அதனால் பெனிட்டோ அவனுக்குக் கரையிலேயே ஒரு வேஷம் கொடுத்தான். நடு ஆற்றுக்குப் போனதும் பெனிட்டோ கையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தலையை முக்கி, "ஐயோ! யேசுவே!" என்று அலறுவான். கரையில் கமால் தலையில் அடித்துக்கொண்டு, "எங்க பெனிட்டோவுக்கு நீச்சல் தெரியாதே! யாராச்சும் புடிங்களேன்!" என்று கத்த வேண்டும். "நீ வந்து புடி பாயி!" என்று பெனிட்டோ கூவுவான். "எனக்குத் தண்ணின்னா பயம்பா!" என்று கமால் ஓடிப்போய்ச் சிலுவையம்மாளின் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முதல் வருஷம் கமாலும் சேர்ந்து சிரித்தான். விளையாட்டுதானே என்று இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே விளையாட்டை ஆடினால் ஊர் அதை நிஜம் என்று எழுதிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

இதெல்லாமாவது போகட்டும். இந்த வருஷம் கமாலின் மகள் சைமாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஜீஷான், ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, வாய்த் துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு ஞாயிறு அவனும் ஆற்றங்கரைக்கு வந்து காட்சியைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டு விருந்தில், பத்துப் பதினைந்து பேர் தஸ்தர்கான் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கையில், பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "எங்க மாமாவுக்கு பக்கெட்டுத் தண்ணியப் பாத்தாக்கூட உதறல்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சைமாவும் சிரித்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தன் மனைவி ரஹீமுன்னிசாவின் உதட்டில்கூட ஒரு சிரிப்பு ஓடியதைக் கமால் பார்த்துவிட்டான்.

மறுநாளே பெனிட்டோவிடம் போய் நின்றான்.

"ஒரே ஒரு வாரம் நான் நீந்தறேன்டா. மாப்ள பாக்கட்டும். உன் விஷயத்த நான் சொல்ல மாட்டேன். உனுக்கு ஒடம்பு சரியில்லன்னு குந்திக்கோ."

பெனிட்டோ அவனை மேலும் கீழும் பார்த்தான். "மாமு, நீ நீந்துனா அப்பால என்னுத யாரு பாப்பா? சீனு கெட்டுடும். உனுக்கு சோக்கா ஒரு வேஷம் கீதுல்ல, அத்த பண்ணு."

அதோடு விட்டானா? அடுத்த ஞாயிறு ஒரு மஞ்சள் வாத்து ட்யூப் வாங்கி வந்தான், குழந்தைகள் மிதக்கக் காற்றடித்துப் போட்டுக்கொள்வார்களே, அது. ஜீஷானைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு அதைக் கமாலின் தலைவழியே மாட்டிவிட்டான். "மாப்ள, இனிமே உன் மாமனார் குளிக்கச் சொல்லோ இத்த மாட்டி வுடு." கரையே அதிர்ந்தது. ஜீஷான் ஃபோட்டோ எடுத்தான். அந்த ஃபோட்டோ அன்று மாலைக்குள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. பெனிட்டோ கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கமால் கடை ஷட்டர் உடைந்தபோது ராத்திரி முழுக்கக் காவல் இருந்தவன் அவன்தான். ஆனால் நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் கூடப் பிறந்தவனையும் விற்றுவிடுவான். அப்படி ஒரு வியாதி.

அதற்கப்புறம் வந்த புதன்கிழமை, கமால் எண்ணூர்க் குப்பத்துக்குக் கயிறு கொடுக்கப் போனான். திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினான். மிதவை மேல் ஒரு பொக்லைன் நின்று, ஆற்றின் நடுவில் கையை விட்டுக் கறுப்புச் சாம்பலை அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. சரியாகப் பெனிட்டோ நடக்கிற இடம். தூர் வாருகிறார்களாம். கரையில் நின்ற வேலையாள் ஒருவனிடம், "எவ்ளோ ஆழம்பா?" என்று கேட்டான்.

"ரெண்டு ஆளு போவும் பாயி. குறுக்கால வாய்க்கா மாரி தோண்டறோம்."

கமால் அங்கேயே அரைமணி நேரம் நின்றான். போனை எடுத்து பெனிட்டோவின் நம்பர் வரைக்கும் போனான். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். செத்துப்போகட்டும் என்று அவன் நினைக்கவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவன் நினைத்தது இதுதான்: நடு ஆற்றில் காலுக்குக் கீழே தரை போகும். இரண்டு மடக்கு குடிப்பான். இந்தத் தடவை நிஜமாகவே அலறுவான். அப்போது நான் பாய்ந்து போய் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். ஜீஷான் பார்ப்பான். அவ்வளவுதான். நான்கு நாளும் அவனுக்குத் தூக்கமே வரவில்லை, ஆனால் அது பயத்தால் அல்ல. கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி புரண்டு புரண்டு படுத்தான்.

ஞாயிறு வந்தது. பொக்லைன் ஆற்றின் மேல்பக்கம் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. கரையோரம் மட்டும் ஈரச் சாம்பல் கொஞ்சம் குமிந்து கிடந்தது. குப்பத்தில் ஏதோ கல்யாணம் என்று மீனவர்கள் ஒருவரும் ஆற்றுப் பக்கம் இல்லை. கல்யாண வயதில் நிற்கிற சினேகாவும் அன்று அப்பாவோடு வந்திருந்தாள், வீடியோ எடுத்துப் போடுவதற்கு. ஜீஷான் தன் ஆபீஸ் தோஸ்துகள் மூன்று பேரை அழைத்து வந்திருந்தான்.

பெனிட்டோ சாம்பல் குவியலைக் காலால் தட்டினான். "இன்னாது மாமு இது, புச்சா கீது?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வினாடி அவனுக்காகவே ஒதுக்கிவைத்த மாதிரி நீளமாக இருந்தது.

"எவன் கண்டான். கலீஜப் பூரா இங்கதான கொட்டறானுங்க" என்றான்.

நாலு மணிக்குப் பெனிட்டோ சட்டையைக் கழற்றினான். ஆட்டோ ஓட்டுகிற பரசுராமன், கூட்டத்தில் இன்னொரு பழைய ஆள், வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்தான். பெனிட்டோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். தண்ணீரை அறைந்துகொண்டு போனான். கமால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், சட்டைப் பித்தானை அவிழ்த்தான். மனசுக்குள் இருபது அடி, பத்து அடி என்று எண்ணிக்கொண்டே இருந்தான்.

நடு ஆற்றில் பெனிட்டோவின் தலை சட்டென்று காணாமல் போனது. கூட்டம் கைதட்டியது. வழக்கமாக அங்கேதானே முக்குவான்! தலை மேலே வந்தது. கை மேலே வந்தது. "ஐயோ! யேசு..." என்று பாதி வார்த்தை வந்தது, மீதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. கமால் நின்றான். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. இன்னும் ஒன்று குடிக்கட்டும் என்று நின்றான். வாத்து ட்யூபுக்கு ஒன்று, ஃபோட்டோவுக்கு ஒன்று, ரஹீமுன்னிசாவின் அந்தச் சிரிப்புக்கு ஒன்று. படுபாவி, எண்ணிக்கொண்டு நின்றான்!

தலை மூன்றாவது தடவை வரத் தாமதமானபோதுதான் அவன் கத்தினான்.

"டேய், மூழ்கறான்டா! அவனுக்கு நீச்சல் தெரியாது! நெசமாடா, பெனிட்டோவுக்கு நீச்சல் தெரியாது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற வசனம். இன்று பாய் நன்றாகவே நடிக்கிறார். கமால் தண்ணீரை நோக்கி ஓடினான். பரசுராமன் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

"பாயி, இன்னா இன்னிக்கு ஓவர் ஆக்டிங்கு! எறங்கிடாத, ஜலதோஷம் புடிச்சிக்கும்!"

"வுட்றா! டேய், வுட்றா!"

ஜீஷான் சிரித்துக்கொண்டே மஞ்சள் ட்யூபைக் கொண்டுவந்து மாமனாரின் தலைவழியே போட்டான். இரண்டு கையும் உள்ளே மாட்டிக்கொண்டது. "மாமா, சேஃப்டி முக்கியம்!" என்றான். தோஸ்துகள் மூன்று பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சினேகாவும் பிடித்திருந்தாள். கமால் உதைத்தான், பரசுராமனின் கையைக் கடித்தான். ட்யூபை உருவி எறிந்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தபோது அரை நிமிஷத்துக்கு மேல் போய்விட்டிருந்தது.

நீந்தினான். யாரும் பார்த்திராத அழகான நீச்சல்; சிரிப்பில் அன்றும் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பள்ளத்துக்கு மேலே போய் மூழ்கித் தேடினான். முதல் தடவை கையில் சாம்பல் வந்தது. இரண்டாவது தடவை பெனிட்டோவின் கை அவன் கழுத்தைப் பிடித்தது. இன்னும் உயிர் இருந்தது. அந்தப் பெரிய உடம்பு அவன் மேல் ஏறியது, இருவரும் உருண்டார்கள், மேலே வந்தார்கள், உள்ளே போனார்கள். கமால் அவனை உதறி, மூச்சு வாங்கி, திரும்ப இறங்கி முடியைப் பிடித்தான். கரைக்கு இழுத்து வந்தபோது பெனிட்டோ கனத்துப் போயிருந்தான். சிலுவையம்மாள்தான் முதலில் ஓலமிட்டாள். மற்றவர்கள் அப்போதும் சிரிப்பை முழுசாக நிறுத்தியிருக்கவில்லை.

போலீஸ் வந்து, தவறி மூழ்கியதாக எழுதிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள். அதற்குள் அந்த வீடியோ வடசென்னை முழுக்கச் சுற்றிவிட்டது. ஜீஷானின் தோஸ்துகளில் ஒருவன் அதை வெட்டி, கமால் நீந்திப் போனதை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து மேலே வந்த இடத்திலிருந்து போட்டிருந்தான். அதில் தெரிந்ததெல்லாம், தண்ணீருக்குப் பயந்த ஒரு ஆள் ஒரு நீச்சல்காரனின் கழுத்தைக் கட்டிக்கொள்வதும், இருவரும் உருள்வதும், நீச்சல்காரன் பிணமாக வருவதும்தான். கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள்: நீச்சல் தெரியாதவன் எதுக்கு எறங்குனான்? நல்ல மனுஷனக் கொன்னுட்டான்.

புதன்கிழமை மாலை துக்க வீட்டுக்குக் கமால் போனான். ராயபுரத்துச் சந்து முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. பெனிட்டோவின் ஃபோட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. கமால் உள்ளே நுழைந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். பரசுராமன், கையில் பிளாஸ்திரியோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பன்னெண்டு வருஷம் அந்த ஆத்த அளந்தவன்" என்றார் யாரோ ஒரு பெரியவர், வேண்டுமென்றே சத்தமாக. "காலு சுளுக்கிச்சோ இன்னாவோ. கொஞ்சம் விட்டிருந்தா அவனே வந்திருப்பான்."

சைமாவை அழைத்துக்கொண்டு வந்திருந்த ஜீஷான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குனிந்து, மெதுவாக, ரொம்ப நாகரிகமாகச் சொன்னான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போவாம இருந்திருந்தா அவரு நீந்தி வந்திருப்பாரு. ஆபீஸ்ல எல்லாம் கேக்கறாங்க. எனக்கு பேஜாரா கீது."

கமாலுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. எழுந்து நின்றான்.

"நீந்தி வந்திருப்பானா? அவனுக்கு நீச்சலே தெரியாதுடா! பன்னெண்டு வருஷமா நடந்துதான் போனான். சாம்பல் மேட்டு மேல காலை வெச்சு, கைய மட்டும் ஆட்டிக்கினு நடந்து போனான். நீந்தத் தெரிஞ்சவன் நான்! நான்டா! அவன் மானம் போவக்கூடாதுன்னு இத்தினி வருஷம் கோமாளியா நின்னேன்!"

ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சினேகா தலையைத் தூக்கினாள். மூன்று நாள் அழுத முகம். கோபம் எதுவும் அதில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்பா நடந்துதான் போவாரா, அங்கிள்?"

"ஆமாம்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்ப அன்னிக்கு மட்டும் எப்டி?"

"பள்ளம் தோண்டிட்டானுங்கம்மா. பொக்லைன வெச்சு, ரெண்டாள் ஆழத்துக்கு. போன புதன்கெழமைதான்..."

சொல்லிவிட்டு வாயை மூடினான். மூடி என்ன பிரயோஜனம்? பரசுராமன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான்.

"புதன்கெழமையே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் சினேகா.

கமால் கையில் உண்மைதான் இருந்தது, அதையே கொடுத்தான்.

"நான் போய் இழுத்துக்கினு வந்துரலாம்னு நெனச்சேம்மா. சத்தியமா. எல்லாரும் பாக்கச் சொல்லோ, நான் எறங்கிக் காப்பாத்திடலாம்னுதான்."

"யாரு பாக்கணும், அங்கிள்?"

கமால் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அவன் கண் தானாகப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. சந்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கண் போன வழியே பார்த்தார்கள். ஜீஷான் முகத்தில் இரத்தமே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான், சைமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "வா, போலாம்" என்றான். மகள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் சந்தைத் தாண்டிப் போவதைக் கமால் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.